உயிர் பிழைத்தால் போதுமா?

பாரிசவாயு கண்ட தொழிலாளி ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பிவிட்டால், "ஆள் தப்பிவிட்டார்" என்று தோட்டத்தில் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். நாமும் அப்படிச் சொன்னவர்களே. ஆனால் வலக்கை விழுந்துவிட்ட தொழிலாளி பால்வெட்டும் கத்தியை எப்படிப் பிடிப்பார்? கிராணியானால் பேனாவை எப்படிப் பிடிப்பார்? உயிரைக் காத்ததோடு ஆஸ்பத்திரியின் கடமை தீர்ந்ததா?

நார்வே நாட்டின் டிரான்ஹைம் நகரில் 1980களில் இந்நோய் கண்ட 220 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். 110 பேர் பாரிசவாயுவுக்கென்றே அமைந்த வார்டுக்கும், 110 பேர் பொது வார்டுக்கும் போனார்கள். பத்தாண்டுகள் கழித்துத் தம் வீட்டில் வாழ்ந்துவந்தோர் முதல் பிரிவில் 21 பேர். இரண்டாம் பிரிவில் 9 பேரே. இந்த முடிவு 1999இல் வெளிவந்தது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து இந்நோய்க்கு அன்று வழக்கத்தில் இல்லை என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். வேற்றுமையை உண்டாக்கியது பராமரிப்புத்தான்!

அது என்ன பராமரிப்பு? நோயாளியால் விழுங்க முடிகிறதா என்று சோதித்த பிறகே வாயில் நீர் விடுவது. (பாசத்தால் நாம் ஊட்டும் கஞ்சி நுரையீரலில் இறங்கி நிமோனியாவாகிவிடுவதுண்டு.) புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது. காலம் கடத்தாமல் எழுப்பி உட்காரவைத்து, கை கால்களுக்குப் பயிற்சி தொடங்குவது. இவற்றுக்குப் பயிற்சி பெற்ற தாதியரும் போதிய ஆட்களும் வேண்டும். ஆகவே பாரிசவாயு வார்டு கேட்பது ஆடம்பரக் கோரிக்கை அல்ல.

இன்று அந்த மருந்தும் உண்டு. நோய் கண்ட நாலரை மணி நேரத்துக்குள், அடைப்பா இரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தபின் கொடுப்பது. நிர்வாகத்தின் உத்தரவுக்காக வண்டி காத்து நின்றதையும், எண்ணெய் தேய்த்து ஒரு பொழுது வீணானதையும் நாம் கண்டிருக்கிறோம். முன்னது நிர்வாகத்தின் குற்றம், பின்னது நம்முடையது. இரவு பகல் எந்நேரமும் தோட்டத்தில் வண்டி தயாராக இருக்க வேண்டும். அது ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே நேரே போக வேண்டும்.

வீடு திரும்பிய பின்னும் பயிற்சி நிற்கக்கூடாது. பட்டணம் போய்வர ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று பாதியில் விட்டவர்கள் பலர். சொக்சோவின் மறுவாழ்வு மையம் 2014இல் மலாக்காவில் திறக்கப்பட்டது. அதற்கு மனுச் செய்ய முடியுமா என்று கிராணித் தோழர்கள் விசாரித்து, பாரங்களை எழுதிக் கொடுத்து உதவ வேண்டும். இன்னொன்றும் அவர்களுக்கு: கை விழுந்தது எத்தனை மணிக்கு என்று துண்டுச் சீட்டில் குறித்து நோயாளியுடன் அனுப்புங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.