உறைக்குள் இருக்கும் விஷயம்

கைப்பேசிக்கு உறை மாட்டுவது இந்நாளில் குழந்தைக்குச் சட்டை போடுவது போல் ஆகிவிட்டது. புதுக் கைப்பேசி வாங்குகிறவர்கள் அதை வெறும் உடம்புடன் வீட்டுக்கு எடுத்து வருவதில்லை. கடையிலேயே முதுகுக்கு ஓர் உறையும், கண்ணாடியின் மேல் இன்னொரு கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் படி இறங்குகிறார்கள். கடைக்காரர்கள் அந்த உறைக்குப் "பேக் கவர்" என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள். பெயர் எதுவாயினும் சரக்கு ஒன்றுதான், அதாவது பிளாஸ்டிக்.

"பூமிக்குக் கெடுதல் செய்யாத உறை எது? கார்க்கு என்கிறார்கள், மூங்கில் என்கிறார்கள், கோதுமை வைக்கோல் என்கிறார்கள். எதை வாங்குவது?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். தமது வீட்டில் மூன்று பிள்ளைகளும் நான்கு கைப்பேசிகளும் இருப்பதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே இது பொழுதுபோக்குக்காகக் கேட்ட கேள்வி அல்ல என்று ஏற்படுகிறது.

முதலில் சாதாரண உறையைப் பார்ப்போம். கெட்டியாக இருப்பது பெரும்பாலும் பாலிகார்பனேட். வளைந்து கொடுப்பது பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்த டி.பி.யு. கண்ணாடி போல் பளபளவென்று வாங்கிய உறை சில மாதங்களில் பழுப்பேறி மஞ்சளாகிறதே, அது இந்த டி.பி.யு.வின் குணம். வெயிலும் சூடும் பட்டால் அதன் இரசாயன அமைப்பே மாறிவிடுகிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் அழுக்குப் போகும், மஞ்சள் போகாது. பல உறைகளில் இந்த இரண்டு சரக்குகளையும் ஒன்றாக வார்த்து ஒட்டியிருப்பார்கள். பிரித்தெடுக்க முடியாத கலப்பு என்பதால் பழைய பேப்பர்க்காரர் அதைத் தராசில் வைக்கவே சம்மதிப்பதில்லை. பால் உறையையும் தண்ணீர்ப் புட்டியையும் எடுத்துக்கொள்ளுகிற மகானுபாவர் இதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுவார். பிறகு அது குப்பை வண்டியில் ஏறுகிறது. வட சென்னையானால் கொடுங்கையூர் மேட்டைப் போய்ச் சேருகிறது.

இதைவிடப் பெரிய துன்பம் ஒன்று உண்டு. உறை கிழிவதற்கு முன்பே அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. கைப்பேசிக் கம்பெனிகள் ஒவ்வொரு வருஷமும் காமிராவை அரை அங்குலம் நகர்த்துகின்றன. பொத்தானை மேலே ஏற்றுகின்றன. சென்ற வருஷத்து உறை இந்த வருஷத்துக் கைப்பேசிக்குப் பொருந்தாது. அண்ணனுடைய சட்டை தம்பிக்கு ஆகும். அண்ணனுடைய கைப்பேசி உறை தம்பியின் கைப்பேசிக்கு ஆகாது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையை நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேல்நாட்டார் பில்லியர்ட்ஸ் பந்துகளை யானைத் தந்தத்தில் கடைந்து செய்தார்கள். தந்தம் போதவில்லை. அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹையட் என்பவர் தந்தத்துக்குப் பதிலாக ஏதாவது கிடைக்குமா என்று தேடி, 1869ஆம் வருஷத்தையொட்டி செல்லுலாயிடைக் கொண்டுவந்தார். சீப்புக்காக ஆமையோட்டையும் பந்துக்காக யானையையும் நாட வேண்டியதில்லை என்று ஆயிற்று. ஆக, பிளாஸ்டிக்கே ஒரு காலத்தில் உயிர்களைக் காக்க வந்த மாற்றுப் பொருளாகத்தான் நுழைந்தது. "மாற்றுப் பொருள்" என்று யாராவது கடை விரித்தால் நாம் கொஞ்சம் நிதானித்துப் பார்ப்பதற்கு இது ஒரு காரணம்.

இனி நேயர் கேட்ட சரக்குகளுக்கு வருவோம்.

கார்க்கு உண்மையிலேயே உத்தமமான பொருள். அது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. மரத்தை வெட்டுவதில்லை, பட்டையை மட்டும் உரிக்கிறார்கள். ஒரு முறை உரித்தால் மறுபடி உரிக்க ஒன்பது வருஷம் காத்திருக்க வேண்டும். முதல் உரிப்புக்கே மரத்துக்குச் சுமார் 25 வயது ஆக வேண்டும். உலகத்துக் கார்க்கில் ஏறக்குறையப் பாதி போர்ச்சுகலில் விளைகிறது. இவ்வளவு பொறுமையாக விளைந்த பட்டையைக் கடைசியில் என்ன செய்கிறார்கள் என்றால், மெல்லிய தகடாகச் சீவி, ஒரு பிளாஸ்டிக் கூட்டின் முதுகில் ஒட்டுகிறார்கள்! மூங்கிலின் கதியும் இதுவேதான். மேலே மூங்கில் தகடு, ஓரமெல்லாம் டி.பி.யு. மூங்கிலும் கார்க்கும் கைப்பேசியின் மூலையை வளைத்துப் பிடிக்கமாட்டா என்பதால் இப்படிச் செய்கிறார்கள், அது நியாயமே. ஆனால் அதை மரத்தாலான உறை என்று விற்பது எந்த நியாயத்தில் சேர்த்தி? உறையைத் திருப்பி உட்புறத்தை நகத்தால் கீறிப் பாருங்கள், சங்கதி வெளியாகிவிடும்.

கோதுமை வைக்கோல் உறை இன்னும் வேடிக்கை. அரைத்த வைக்கோலைப் பெரும்பாலும் சாதாரணப் பிளாஸ்டிக்கோடு பிசைந்துதான் வார்க்கிறார்கள். வைக்கோலோடு சேர்ந்ததால் அதை மறுபடி உருக்கி எடுக்க முடியாது. பிளாஸ்டிக்கோடு சேர்ந்ததால் அது மக்கவும் மக்காது. மாடும் தின்னாது, மண்ணும் தின்னாது.

"மக்கும்" என்ற சொல்லைப் பற்றித்தான் நாம் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். மக்காச்சோள மாவிலிருந்து வரும் பி.எல்.ஏ. என்ற சரக்கு மக்கும் என்பது உண்மைதான். ஆனால் எங்கே? சுமார் 58 டிகிரி சூட்டை விடாமல் காத்து, ஈரமும் காற்றும் அளவாகக் கொடுக்கும் பெரிய எருத் தொழிற்சாலையில். அந்த நிலையில் ஆறு மாதத்துக்குள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சிதைய வேண்டும் என்பது ஐரோப்பியத் தரவிதி. நம் வீட்டு மாடித் தொட்டியிலோ வாழைக் குழியிலோ அந்தச் சூடு நிலைத்து நிற்பதில்லை. அங்கே புதைத்தால் வருஷக் கணக்கில் அப்படியே கிடக்கும். கூவத்தில் விழுந்தாலும் அதே கதிதான். ஆகவே அட்டையில் "மக்கும்" என்று அச்சடித்திருந்தால், எத்தனை நாளில், எந்த இடத்தில் என்று கேளுங்கள். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பசுமை விளம்பரங்களுக்கு விதிகள் பிறப்பித்திருக்கிறது. தக்க ஆதாரமும் விளக்கமும் இன்றி "பசுமையானது", "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்றெல்லாம் போடக்கூடாது. மக்கும் பிளாஸ்டிக் என்று விற்பவர்களோ மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெற்றிருக்க வேண்டும். கேட்பதற்கு நமக்குப் பூரண உரிமை இருக்கிறது. கேட்கும் வழக்கந்தான் இல்லை.

"சைவத் தோல்" என்று ஒன்று விற்கிறார்கள். பெயரைக் கேட்டால் கைகூப்பத் தோன்றும். அதில் பெரும்பகுதி துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன், அதாவது நாம் விட்டு விலக நினைத்த அதே பிளாஸ்டிக். மிருகத்தின் தோல் வேண்டாம் என்பவர்கள் அதை வாங்குவதில் தவறில்லை. பூமிக்காக வாங்குவதாக மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அசல் தோலைப் பற்றி நம் நாட்டாருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழில் ஆற்றையும் கிணறுகளையும் என்ன பாடு படுத்திற்று என்பது 1996ஆம் வருஷத்துச் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. குரோமிய உப்பில் பதனிட்ட தோலின் பின்னால் அந்தக் கதை இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் முறை ஒன்று இருந்துவந்தது. "ஈ.ஐ. தோல்" என்ற பெயரில் உலகச் சந்தையில் கியாதி பெற்ற அந்தச் சரக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தாவரச் சாயத்தில் பதனிட்ட தோலில் செய்த உறை கிடைத்தால், தோலில் ஆட்சேபம் இல்லாதவர்கள் தைரியமாக வாங்கலாம். பத்து வருஷம் உழைக்கும். தையல் விட்டால் செருப்புத் தைப்பவரே தைத்துக் கொடுத்துவிடுவார்.

பெரிய கம்பெனிகளுக்கே இந்த மாற்று வேலை சுலபமாக வாய்க்கவில்லை. ஆப்பிள் கம்பெனி 2023 செப்டம்பரில் தோல் உறைகளை விட்டொழித்து, மறுசுழற்சி செய்த பாலியெஸ்டர் நூலில் நெய்த உறைகளைக் கொண்டுவந்தது. அவை சீக்கிரம் தேய்ந்து அழுக்கேறுகின்றன என்று விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். மறு வருஷம் புதுக் கைப்பேசி வந்தபோது அதற்கு அந்த வகை உறை வரவில்லை. எத்தனை நல்ல நூலில் நெய்திருந்தாலும் ஒரு வருஷத்தில் குப்பைக்குப் போனால் பயன் என்ன?

அப்படியானால் உறையே இல்லாமல் இருந்துவிடலாமா? இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐபோன் 14 என்ற கைப்பேசி பிறந்தது முதல் கழியும் வரையில் 61 கிலோ கரிவாயுவுக்குச் சமமான மாசுக்குக் காரணமாகிறது என்று அதைச் செய்த கம்பெனியே கணக்குக் கொடுத்திருக்கிறது. அதில் ஐந்தில் ஏறக்குறைய நான்கு பங்கு அதைச் செய்யும்போதே உண்டாகிவிடுகிறது. முப்பது நாற்பது கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் உறை இதற்கு முன்னால் எம்மாத்திரம்? உறைக்காக வருத்தப்பட்டு வெறும் கைப்பேசியைக் கீழே போட்டு உடைத்து, புதிது வாங்குகிறவர், உமிக்கு வருத்தப்பட்டு அரிசியைக் கொட்டுகிறவர்தான். ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது. அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் சாதாரணக் கைப்பேசி, உறையில்லாமலே 45 முறை விழுந்தும் வேலை செய்ய வேண்டுமாம். அத்தகைய கைப்பேசிகள் இங்கும் வழக்கத்துக்கு வரும் வரையில் உறை அவசியந்தான்.

எனவே நேயருக்கு நாம் சொல்லும் பதில் அவர் எதிர்பார்த்ததாக இராது. இப்போது கைப்பேசிகளில் இருக்கும் பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு நான்கு கார்க்கு உறைகள் வாங்க வேண்டாம். மஞ்சளாகிவிட்டது என்பதற்காகவும் எறிய வேண்டாம். மஞ்சள் உறையும் மூலையைக் காக்கத்தான் காக்கிறது. கைப்பேசி மூத்த பிள்ளையிடமிருந்து இளைய பிள்ளைக்குப் போகும்போது உறையும் கூடவே போகட்டும். உறை உண்மையாகவே கிழிந்து, புதிது வாங்கியே தீர வேண்டுமென்றால், ஒரே சரக்கில் செய்ததை, ஒட்டுவேலை இல்லாததை வாங்குங்கள். மினுமினுப்பும் பொம்மையும் ஒட்டிய உறையைப் பிள்ளைகள் கேட்பார்கள். அடுத்த மாதம் வேறொன்று கேட்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் பெற்றோர் கொஞ்சம் கல்நெஞ்சராக இருப்பது நலம்.

பையிலோ கூடையிலோ கைப்பேசியைப் போட்டு எடுத்துச் செல்லுகிறவர்களுக்கு இன்னொரு யோசனை. அந்தக் காலத்து மூக்குக்கண்ணாடிக்குத் தைத்ததுபோல் ஒரு துணி உறை தைத்துக்கொள்ளலாம். கையிலிருந்து நழுவி விழுவதை அது தடுக்காது என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் சாவிக்கொத்தும் சில்லறையும் உரசுவதைத் தடுக்கும். எந்தக் கம்பெனி எந்த வருஷம் காமிராவை எங்கே நகர்த்தினாலும் அதற்குக் கவலையில்லை. பழைய வேஷ்டியோ கிழிந்த போர்வையோ இரண்டு மடிப்பாக வைத்தால் போதும். தையற்காரரிடம் கொடுக்கும்போது, துணியை முதலில் ஒரு முறை துவைத்துக் கொடுங்கள். அகலத்தில் இரண்டு விரற்கடை கூடவே வைத்து வெட்டச் சொல்லுங்கள். பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும்.