பெட்டி பிரித்தவுடன் பிறக்கும் தீர்ப்பு

புதிதாக ஒரு மின்னணுச் சாதனம் கடைக்கு வந்துவிட்டால், அதன் உறையைப் பிரிப்பதையே ஒரு வைபவமாக நடத்தி, எடையையும் மெருகையும் திரையின் ஒளியையும் வியந்து, சென்ற ஆண்டு இதே உற்சாகத்துடன் தாமே வரவேற்ற சாதனத்தைக் கழிபொருள் என்று ஒதுக்கி, அரைமணி நேரத்துக்குள் முடிந்த முடிபாக அபிப்பிராயம் வழங்கிவிடும் ரசிகர்கள் நம் காலத்தில் பெருகிவிட்டார்கள். அந்தப் பரவசம் அவர்களோடு நின்றிருந்தால் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அவரவர் பணம், அவரவர் ஆசை. ஆனால் புதியது எதுவோ அதுவே மேலானது, அது கைக்கு வந்த கணமே வாழ்வு ஒரு படி உயர்ந்துவிடுகிறது என்னும் நம்பிக்கை ரசிகரிடமிருந்து பத்திரிகைக்கும், பத்திரிகையிலிருந்து திட்டம் தீட்டும் அதிகாரிக்கும் பரவி, முடிவில் பழவேற்காட்டு ஏரியில் வலை போட்டு ஜீவிக்கும் மனிதன் தலையில் வந்து இறங்குகிறது. நல்ல கைபேசி ஒன்றும் அதில் ஒரு செயலியும் கொடுத்துவிட்டால் அவன் கஷ்டம் தீர்ந்தது என்று படித்தவர்கள் மனமாரப் பேசுகிறார்கள். அது பிழை என்பதே என் கட்சி.

பொன்னேரி வட்டத்தில், ஏரியோரமாக உள்ள தோணிரேவுக்கு அந்தக் கைபேசியைக் கொண்டுபோய்ப் பார்ப்போம். தண்ணீரில் விழுந்தாலும் கெடாது என்று விளம்பரம் கூறுகிறது. அந்த உறுதிக்குப் பிரமாணமாகக் காட்டப்படும் ஐபி68 என்னும் தரக்குறி சோதனைக்கூடத்து நன்னீரில் பெறப்படுவது. உப்புநீரைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. போதாக்குறைக்கு, நீர் புகுந்து கெட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பெரும்பாலான கம்பெனிகள் பொடி எழுத்தில் அச்சிட்டும் விடுகின்றன. ஆகவே ஏரிக்குப் போகிறவன், ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த கைபேசியைப் பாலிதீன் பையில் சுருட்டி, வாயை ரப்பர் வளையத்தால் இறுக்கி, நனையாத மூலை தேடி வைக்கிறான். அவசரத்துக்கு எடுத்தாலோ, ஈரமும் மீன் செதிலும் ஒட்டிய விரலைத் தொடுதிரை விரலென்றே மதிப்பதில்லை. கைலியில் இரண்டு முறை துடைத்த பிறகே மதிக்கிறது. சார்ஜ் ஏற்றும் துளையில் உப்பேறிப் பச்சை பூத்துவிட்டால், உலகம் வியந்த அதன் காமிரா என்ன படம் எடுக்கும்? 2003இல் வந்த நோக்கியா 1100 என்னும் சாதாரணக் கைபேசியை, புழுதி புகாதபடி பொத்தான்களை மூடி, தலையில் ஒரு டார்ச் விளக்கும் வைத்து, நம் போன்ற நாடுகளை உத்தேசித்தே செய்தார்கள். உலகெங்கும் 25 கோடி விற்ற அந்தக் கருவியின் பெட்டியைப் பிரித்து யாரும் மெய்சிலிர்த்ததாகத் தெரியவில்லை.

கைபேசியால் மீனவருக்கு லாபம் வந்ததை ஆராய்ச்சியே நிரூபித்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் கருதுவது ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் அறிஞர் 2007இல் வெளியிட்ட கட்டுரையை. 1997 முதல் 2001 வரை வட கேரளக் கரையில் கைபேசி பரவியபோது, மத்திப் படகுகள் கடலிலிருந்தே விலை விசாரித்து நல்ல விலை கிடைக்கும் துறைக்குத் திரும்பியதால், வாங்குவாரின்றி வீணாகிவந்த மீன் அநேகமாக இல்லாமற் போயிற்று, மீனவர் லாபம் 8 சதவீதம் கூடிற்று, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது என்று அவர் கணக்கிட்டார். அக்கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தத் துறைக்கும் போய் எவரிடமும் விற்கலாம் என்ற சுதந்திரம் உடைய படகுகளைப் பற்றிய கணக்கு அது. ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரெலும் கேரள மீனவரிடையே மறுபடி விசாரித்து 2013இல் எழுதியபோது, அந்தப் பலன் எல்லாக் கரைக்கும் எல்லாப் படகுக்கும் பொருந்துவதன்று என்று காட்டினார்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கி வலையும் இன்ஜினும் வாங்கியவன், பிடித்ததை அவனுக்கே, அவன் சொன்ன விலைக்கே போட்டாகவேண்டும். தமிழ்நாட்டுக் கரையில் பலவிடத்தும் வழக்கம் இதுவே. அப்படிப்பட்டவனுக்குப் பக்கத்துத் துறையின் விலையைக் கைபேசி தெரிவிப்பதால் விளையும் பிரயோஜனம், தான் எவ்வளவு நஷ்டப்படுகிறோம் என்பதைத் துல்லியமாக அறிந்துகொள்வது ஒன்றே.

ஏரிக்குள் விஷயம் இன்னும் வேறு. இங்குள்ள சில ஊர்களில் 'பாடு' என்றொரு முறை நெடுங்காலமாக உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று ஊர்ப் பஞ்சாயத்து வகுத்து, முறை மாற்றி முறை கொடுத்து, வளமான இடம் ஒருவனுக்கே போய்ச் சேராமல் காக்கும் ஏற்பாடு அது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே உள்ள நீரில் இறால் எங்கே கூடும் என்பது அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ரகசியம் அல்ல. இன்று யாருடைய முறை, முறையில் இடம் பெறாத ஊரான் எங்கே போவான் என்பவையே வழக்காகவும் சச்சரவாகவும் நிற்பவை. முகத்துவாரம் மணல்மேடிட்டுத் தூர்ந்துவிட்டாலோ, கடலிலிருந்து இறால் குஞ்சு ஏரிக்குள் ஏறுவதுமில்லை, ஏரியிலிருந்து படகு கடலுக்குப் போவதுமில்லை. மீன் இருக்கும் திசை காட்டுவதாகச் சொல்லும் எந்தக் கருவியைக் கொண்டும் அந்த மணலை அள்ள முடியாது.

கடல் மீனவருக்கு அபாய காலத்தில் உதவுமே என்னும் வாதம் மட்டும் கனமானது. அதை விளையாட்டாகத் தள்ளிவிட முடியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, கரையிலிருந்து நெடுந்தொலைவில் தங்கி மீன்பிடித்துக்கொண்டிருந்த குமரி மாவட்டத்துப் படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அலைபேசிக் கோபுரத்தின் வீச்சுக்கு அப்பால் எவ்வளவு விலையுயர்ந்த கைபேசியும் மௌனமாகிவிடுகிறது. அதன் பிறகு 2019இல் ஜெமினி என்னும் கருவி வந்தது. அது செயற்கைக்கோள் வழியாகச் செய்தியைப் பெற்றுத் தருமே அன்றி, படகிலிருந்து ஒரு சொல்லையும் கரைக்கு அனுப்பாது. இப்போது ஒரு லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாய்ச் செலவில், இரு வழியும் செய்தி செல்லக்கூடிய டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டிருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் நாவிக் என்னும் நம் நாட்டு வழிகாட்டுச் செயற்கைக்கோள் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று புறப்பட்டது; ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்ற தடையைத் தாங்கிக்கொள்ளும் பழவேற்காட்டு மீனவனுக்கு அதன் பயன் கிட்டுமானால் நியாயமே. கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு கருவியும் வந்த நாளில் இனிக் கவலையில்லை என்றுதான் பேசப்பட்டது. அதன் குறை, அடுத்த கருவியின் அறிமுக விழாவில்தான் நம் காதில் விழுகிறது.

உயிர் காத்த கருவிக்கு ஓர் உதாரணம் வேண்டுமானால் புதுச்சேரிப் பக்கத்து நல்லவாடு இருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய திட்டத்தின்படி, அந்த வட்டாரத்துக் கிராமங்களில் அறிவு மையங்கள் அமைந்து, அலையின் உயரத்தை அன்றாடம் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் பழக்கம் ஏற்பட்டிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் சொல்ல, மையத்தின் ஒலிபெருக்கி அலற, ஏறக்குறைய 3,600 பேர் மேட்டுக்கு ஓடி உயிர் தப்பினர். வீடுகளும் படகுகளும் போயின, ஜனங்கள் போகவில்லை. தொலைபேசியும் ஒலிபெருக்கியும் அன்றைக்கே பழம்பொருள்கள். அந்தக் குழாயிலிருந்து வரும் குரலை நம்பலாம் என்று ஊர் பல வருஷம் கேட்டுக் கேட்டு அறிந்திருந்தது. பெட்டியைப் பிரித்த அன்றைக்கு அந்த நம்பிக்கை கிடைத்துவிடாது.

என்னை யந்திர விரோதி என்பவர்கள் நைலான் வலையையும் பைபர் படகையும் நினைத்துப் பார்க்கட்டும். அவை எந்த ரசிகரின் சிபாரிசும் இன்றி, பருவத்துக்குப் பருவம் மீனவனே உபயோகித்துத் தேர்ந்ததனால் நிலைத்தவை. டிரான்ஸ்பாண்டருக்கும் அதே பரீட்சை வேண்டும். கொடுத்த நாளின் புகைப்படத்தோடு நில்லாமல், ஒவ்வொரு வடகிழக்குப் பருவமும் கழிந்த பின், எத்தனை கருவி வேலை செய்கிறது, எத்தனை பழுதாகிக் கிடக்கிறது என்று துறைவாரியாக எண்ணி மீன்வளத்துறை வெளியிட வேண்டும். பழுதானதைப் பழவேற்காட்டிலேயே கொடுத்துச் சரிசெய்து வாங்கிக்கொள்ள ஓர் ஆளும் ஒரு மேசையும் இருப்பதை முதலில் உறுதிசெய்யட்டும். அடுத்த கருவியைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.