வாய் மூடியிருப்பதா ஒழுக்கம்?

கூட்டம் கூடுவதில் எம்மவருக்கு நிகர் எம்மவரே. பாடசாலையில் ஆசிரியர் கூட்டம், திணைக்களத்தில் மாதாந்தக் கூட்டம், வங்கியில் முன்னேற்ற மீளாய்வுக் கூட்டம் என்று நாட்காட்டி நிறையக் கூட்டங்கள் உண்டு. தலைமை வகிப்பவர் பேசுவார். சுற்றுநிருபம் வாசிக்கப்படும். "வேறு ஏதாவது?" என்று கேட்டுக்கொண்டே அவர் கதிரையை விட்டு எழுந்துவிடுவார். உண்மையான கூட்டம் அதன் பிறகுதான் தொடங்கும்; மாமரத்தடியிலோ மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்திலோ தேநீர்க் கடையிலோ. அங்கே பேசப்படும் நல்ல யோசனைகளில் பத்தில் ஒன்றாவது உள்ளே பேசப்பட்டிருந்தால் எமது நிறுவனங்கள் பல எப்போதோ உருப்பட்டிருக்கும்.

உள்ளே நிலவும் அந்த மௌனத்துக்கு நாம் அழகான பெயர்கள் வைத்திருக்கிறோம்: ஒழுக்கம், பணிவு, பெரியோரை மதித்தல். அதன் உண்மையான பெயர் அச்சம். அந்த அச்சத்துக்கான விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் அக்கூட்டத்தில் இருந்தவரல்லர். வெளியில் இருக்கும் மாணவர், நோயாளி, பயணி, விவசாயி.

அந்த விலை எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதற்கு விமானத்துறையின் வரலாறே சாட்சி. 1977 மார்ச் 27 ஆம் திகதி, கனேரித் தீவுகளில் ஒன்றான ரெனரீஃப்பின் விமான நிலையத்தை மூடுபனி மூடியிருந்தது. ஓடுபாதையில் கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 ஒன்று புறப்படத் தயாராக நின்றது. அதே ஓடுபாதையில், பனிக்குள், பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 ஊர்ந்துகொண்டிருந்தது. கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி சாதாரணமானவரல்லர். அந்நிறுவனத்தின் ஏனைய விமானிகளுக்கே பயிற்சியளித்தவர். விமானம் புறப்பட ஓடத் தொடங்கியபோது, மற்ற விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்ற ஐயத்தை விமானப் பொறியியலாளர் எழுப்பினார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். கேட்டவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. சில நொடிகளில் 583 உயிர்கள் போயின. விமானப் போக்குவரத்து வரலாற்றில் அதைவிடக் கோரமான விபத்து இன்றுவரை நிகழ்ந்ததில்லை.

மூடுபனி, வானொலித் தொடர்பில் நேர்ந்த குழப்பம், தாமதத்தால் எழுந்த அவசரம் எனக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் அந்த விமானி அறையில் சரியான கேள்வி உரிய நேரத்தில் எழுந்தது என்பதை மறக்கலாகாது. கேள்விக்குப் பஞ்சமிருக்கவில்லை, அதை இரண்டாம் முறை கேட்கும் துணிவுக்குத்தான் பஞ்சமிருந்தது.

விமானத்துறை இதிலிருந்து பாடம் கற்றது. 1979 இல் நாசா நடத்திய ஒரு பட்டறையில், விபத்துகளுக்கு இயந்திரங்களைவிட விமானி அறையின் மனித உறவுகள் எவ்வளவு காரணமாகின்றன என்பது ஆராயப்பட்டது. 1981 இல் யுனைட்டட் விமான நிறுவனம் தன் விமானிகளுக்கு ஒரு புதிய பயிற்சியைத் தொடங்கியது. கீழுள்ளவர் தயங்காது சொல்ல வேண்டும், மேலுள்ளவர் காது கொடுக்க வேண்டும். பயிற்சியின் சாரம் இவ்வளவே. அதன் பலன் 1989 ஜூலை 19 ஆம் திகதி தெரிந்தது. அந்நிறுவனத்தின் 232 ஆம் இலக்க விமானத்தின் வால்பகுதி இயந்திரம் வெடித்துச் சிதறியது. விமானத்தைத் திருப்பவும் நிமிர்த்தவும் உதவும் திரவக் குழாய்த் தொகுதிகள் அனைத்தும் செயலிழந்தன. அப்படியொரு நிலைமைக்குக் கைநூலில் விடை இருக்கவில்லை. தலைமை விமானி அல் ஹேன்ஸ் தன் குழுவினரையும், பயணியாக வந்திருந்த பயிற்றுவிப்பாளர் ஒருவரையும் கலந்துபேசியபடியே விமானத்தை அயோவா மாநிலத்தின் சூ சிற்றி வரை கொண்டுவந்தார். விமானத்தில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். அந்தப் பயிற்சி இல்லாதிருந்தால் இது சாத்தியமாகியிராது என்பதை அவரே பிற்காலத்தில் மேடைதோறும் சொல்லிவந்தார்.

விமானம் எங்கே, எமது கந்தோர் எங்கே என்று சிலர் சிரிக்கக்கூடும். நான் பணியாற்றிய பத்திரிகை ஒன்றில் மரண அறிவித்தலொன்று வேறொருவரின் படத்துடன் வெளியானது. படத்தில் இருந்தவர் நல்ல சுகத்துடன் தன் வீட்டுத் திண்ணையில் இருந்து அதை வாசித்தார். ஒப்புநோக்கும் பிரிவில் இருந்த இளைஞன் அந்த முகத்தை அடையாளம் கண்டிருந்தான். பக்கம் அச்சுக்குப் போவதற்கு முன்னரே கண்டிருந்தான். ஆனால் முந்திய வாரம்தான், ஒரு தலைப்பில் பிழை உண்டு என்று சொன்னதற்காக, "உன் வேலையைப் பார்" என்று எல்லோர் முன்னிலையிலும் அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவன் தன் வேலையைப் பார்த்தான். மறுநாள் விசாரணையில் குற்றவாளியாக நிறுத்தப்பட்டவனும் அவனே. அவன் வாயை அடைத்தவரிடம் எவரும் விளக்கம் கோரவில்லை.

இந்த மௌனத்தை நாம் கற்பிப்பது பாடசாலையிலேதான். கேள்வி கேட்கும் பிள்ளை 'வாய்க்காரப் பிள்ளை'. கரும்பலகையில் உள்ளதைப் பிசகாமல் பிரதி பண்ணும் பிள்ளை 'நல்ல பிள்ளை'. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் தொடங்கி உயர்தரம் வரை, தனியார் கல்வி நிலையங்களில் நூற்றுக்கணக்கானோரை ஒரே கொட்டகையில் இருத்தி ஒலிவாங்கியில் குறிப்புச் சொல்லும் முறைமையில் கேள்விக்கு இடமேது? அப்படி வளர்ந்தவர் பின்னர் ஆசிரியராகி, ஆசிரியர் கூட்டத்தில் வாய் திறவாது இருக்கிறார். அதிபராகி, வாய் திறப்பவரை இடமாற்றத்தால் மிரட்டுகிறார். வட்டம் பூர்த்தியாகிறது.

இது எமது பண்பாடு என்று தயவுசெய்து எவரும் சொல்லவேண்டாம். பவணந்தி முனிவரின் நன்னூலைப் புரட்டிப் பாருங்கள். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது காற்பங்கு அறிவே என்கிறது அதன் பாயிரம். உடன் பயில்வோருடன் பழகி இன்னொரு காற்பங்கு. மீதி அரைப்பங்கு, பிறருக்குத் தான் எடுத்துரைக்கும்போது. அதாவது முக்காற்பங்கு அறிவு வாய் திறந்தால்தான் வரும். நாமோ முதற் காற்பங்கோடு கடையைப் பூட்டிவிட்டுப் பெறுபேறுகளைப் பற்றிப் புலம்புகிறோம்.

யாழ்ப்பாணத்திலேயே முன்னுதாரணம் உண்டு. 1924 இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் தோற்றுவித்த மாணவர் காங்கிரஸ், பின்னாளில் வாலிபர் காங்கிரஸ், சாதியையும் சுதேச மொழிக் கல்வியையும் சுயராச்சியத்தையும் பகிரங்கமாக விவாதித்தது. 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. அதன் 1931 தேர்தல் பகிஷ்கரிப்பு சரியா பிழையா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இளம் ஆசிரியரும் மாணவரும் மூத்தோர் முன்னிலையில் தம் கருத்தைச் சொன்னதால் சமூகம் கெட்டுவிடவில்லை என்பதில் வேறுபாடு இருக்க நியாயமில்லை.

"எல்லோரும் பேசினால் யார் முடிவெடுப்பது?" என்று அதிகாரிகள் கேட்பர். அல் ஹேன்ஸ் எவருக்கும் வாக்குரிமை வழங்கவில்லை. முடிவும் பொறுப்பும் அவருடையவையாகவே இருந்தன. கலந்துரையாடல் என்பது முடிவெடுக்குமுன் அறிய வேண்டியதை அறிவது. பட்டிமன்றம் கேட்டுப் பழகிய எமக்கு இது விளங்கச் சற்றுக் கடினம்தான். பட்டிமன்றத்தில் அணி முன்னரே பிரிக்கப்பட்டுவிடும். எவரும் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டு வீடு திரும்புவதில்லை.

கேளாமல் முடிவெடுத்தால் என்ன நேரும் என்பதை இலங்கையர் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டபோது விளைச்சல் வீழும் என்று விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தனர். அவர்களது குரல் எடுபடவில்லை. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போகச் செய்கை தொடங்கிவிட்டிருந்தது. நெல் விளைச்சல் வீழ்ந்தது, அரிசி இறக்குமதியாயிற்று. அந்த முடிவு பிழையானதென்று 2022 இல் ஜனாதிபதியே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதற்குள் விவசாயி கடனாளியாகிவிட்டிருந்தான்.

அதிபர்களிடமும் திணைக்களத் தலைவர்களிடமும் ஆசிரியபீடங்களில் அமர்ந்திருக்கும் எனது சகாக்களிடமும் நான் கேட்பவை மூன்று. அடுத்த கூட்டத்தில் ஆக இளையவரை முதலில் பேச விடுங்கள். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். மாற்றுக்கருத்துச் சொன்னவருக்கு அதன்பின் இடமாற்றமோ வேலைப்பளுவோ வந்து சேராதிருப்பதை உறுதிசெய்யுங்கள். பிழையை முதலில் சுட்டிக்காட்டியவரின் பெயரைக் கூட்டக் குறிப்பில் நன்றியுடன் பதியுங்கள்.

இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை. அமைச்சின் அனுமதியும் தேவையில்லை. இவற்றைச் செய்ய மறுப்பவர், தனக்குக் கீழே திறமையானவர்கள் இல்லை என்று முறைப்பட உரிமையற்றவர். திறமையானவர்கள் இருக்கிறார்கள். மாமரத்தடியில் நிற்கிறார்கள்.