தீப்பிடிக்காது, சரி. தூங்க முடியுமா?

எங்க தேரிக்காட்டுப் பக்கம் வர்ற சென்னை, கோவை நண்பர்கள் பல பேர் ஒரே மாதிரிதான் வருத்தப்படுறாங்க. "எவ்வளவு அழகான ஓட்டு வீடுங்க இருந்த தெரு! எல்லாத்தையும் இடிச்சு காங்கிரீட் பெட்டியாக் கட்டிட்டீங்களே." சொல்லிட்டு ஏசி காரில் ஏறிப் போயிடுறாங்க. போனது தெருவோட அழகு மட்டும்னா நானும் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். போனது எங்க ராத்திரித் தூக்கம்.

தெரியாதவங்களுக்கு: தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்தில் செம்மணல் மேடு மேடாக் கிடக்கிற பூமிக்குத்தான் தேரின்னு பேர். தென்மேற்குப் பருவமழையை மலை மறிச்சுக்கும், எங்களுக்கு வர்றது காத்து மட்டும். பங்குனி பிறந்தா மணல் காலைச் சுடும். இந்த மண்ணில் தானா வளர்ந்த பனைதான் எங்க கூரை. ஏழைக்குப் பனையோலை, கொஞ்சம் வசதி வந்தா பனஞ்சட்டம் அடிச்சு மேல ஓடு.

ஓலைக் கூரைக்காக நான் வக்காலத்து வாங்க வரலை. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் கருகினதுக்கு அப்புறம் ஓலையைப் பத்தி யாரும் கவிதை பாடக் கூடாது. காங்கிரீட்டையும் நான் சபிக்கலை. 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டினப்ப, வெள்ளம் சூழ்ந்த எத்தனையோ பேருக்கு ஏறி நிக்க இடம் கொடுத்தது மொட்டை மாடிதான். என் சண்டை வேற. கூரைக்குப் பணம் கொடுக்கிறவங்களும் அனுமதி கொடுக்கிறவங்களும் ரெண்டே கேள்விதான் கேக்குறாங்க: எரியுமா? ஒழுகுமா? மூணாவது கேள்வி ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள மனுஷன் படுக்க முடியுமா?

வெறும் காங்கிரீட் தளம் என்ன செய்யும்னு பாருங்க. நாலஞ்சு அங்குலக் கனம். காலையிலிருந்து வெயிலைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். குடிச்சதை உடனே கீழே இறக்காது, சில மணி நேரம் கழிச்சுத்தான் இறக்கும். அதாவது, காட்டு வேலை முடிஞ்சு வந்து, சாப்பிட்டு, பாயை விரிக்கிற நேரத்துக்குச் சரியா அனலை விட ஆரம்பிக்கும். ஃபேன் போட்டா அந்த வெக்கையைத்தான் மேல இருந்து தள்ளும். ஓடு அப்படி இல்லை. மெல்லிசு, அதனால சீக்கிரம் சுடும், பொழுது சாஞ்சதும் சீக்கிரம் ஆறிடும். ஓட்டுக்கு ஓடு இருக்கிற சந்து வழியா உள்ளே இருக்கிற சூட்டுக் காத்து மேலேறி வெளியே போயிடும். எங்க தெருவில் சித்திரை ராத்திரி போய்ப் பாருங்க. லட்சக்கணக்கில் செலவு பண்ணிக் கட்டின வீட்டைப் பூட்டிட்டு, வாசலில் நார்க்கட்டில் போட்டுப் படுத்திருப்பாங்க. வயசுப் பிள்ளையையும் கைக்குழந்தைக்காரியையும் வாசலில் படுக்க வைக்க முடியுமா? அவங்க உள்ளேதான் வேகணும்.

இது யார் பண்ண வேலை? எல்லாக் கட்சிக்கும் பங்கு உண்டு. 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம்: குடிசையை மாத்திக் காங்கிரீட் வீடு. 2011-ல் அடுத்த ஆட்சி: 300 சதுர அடிப் பசுமை வீடு. சூரிய சக்தியில் விளக்கு எரியுதுன்னு பசுமைன்னு பேர் வச்சாங்க, அந்தச் சூரியன் நேரா இறங்குற தளத்துக்கு என்ன பேர் வைக்கிறது? இப்ப கலைஞரின் கனவு இல்லம்: 2030-க்குள் 8 லட்சம் வீடு, வீட்டுக்கு மூணரை லட்சம் ரூபாய். 360 சதுர அடியில் 300 சதுர அடி கண்டிப்பா காங்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேற பொருள். பனஞ்சட்டமும் ஓடும் போட்டு மொத்த வீட்டையும் கட்டிக்கிறேன்னு ஒரு பனையேறி கேட்டா, பணம் கிடையாது.

சொந்தக் காசில் கட்டுறவனுக்கும் கதை இதுதான். பழைய மண் சுவர் தளத்தைத் தாங்காது. அதனால ஓட்டை எடுத்துட்டுத் தளம் போடணும்னா புது வீடு கட்டுற மாதிரிதான், அனுமதியும் வாங்கணும். 2024 ஜூலையில் அரசு சுயசான்று முறை கொண்டு வந்தது. 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடுன்னா ஆன்லைனில் விண்ணப்பிச்சு, கட்டணம் கட்டி, உடனே அனுமதி எடுத்துக்கலாம். அலைச்சல் குறைஞ்சது, நல்ல விஷயம். ஆனா பட்டா இருக்கா, எத்தனை அடி உயரம், பக்கத்தில் எவ்வளவு இடம் விட்டிருக்கேன்னு கேக்குற சர்க்கார், கூரை எவ்வளவு சூட்டை உள்ளே விடும்னு கேக்குறதில்லை.

அப்படிக் கேக்குற விதியே நாட்டில் இல்லைன்னு நினைக்காதீங்க. இருக்கு. மத்திய அரசு 2018-ல் ஈகோ நிவாஸ் சம்ஹிதான்னு வீடுகளுக்கான ஒரு விதித் தொகுப்பு போட்டது. கூரை வழியா இறங்குற வெப்பத்துக்கு அதில் உச்ச வரம்பு வச்சிருக்காங்க. வெறும் காங்கிரீட் தளம் அந்த வரம்பைப்போல ஏறக்குறைய மூணு மடங்கு சூட்டை இறக்கும். ஆனா அந்த விதி யாருக்குத் தெரியுமா? 500 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் மனை வச்சிருக்கிறவங்களுக்கு. நம்ம கணக்கில் 12 சென்ட்டுக்கு மேல. ஏசி வாங்க வக்கிருக்கிறவன் வீட்டுக்கு வெப்பக் கணக்கு, ஒத்தை ஃபேனில் கிடக்கிறவன் வீட்டுக்கு வெறும் தளம்! இந்த நியாயத்தை எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் ஒத்துக்க மாட்டாங்க.

2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சது. வெப்பத்தில் ஒருத்தர் செத்தா குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம். சாவுக்கு 4 லட்சம் ஒதுக்கத் தெரிஞ்ச அரசுக்கு, மூணரை லட்ச ரூபாய் வீட்டு எஸ்டிமேட்டில் தளத்துக்கு மேல ஒரு தடுப்புப் போட ஒதுக்கத் தெரியாதா?

"அதெல்லாம் செலவு அண்ணாச்சி"ன்னு இன்ஜினியர் தம்பிகள் சொல்லுவாங்க. என்ன பெரிய செலவு? தளத்து மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடிச்சு, தட்டோடு பதிக்கிறது நம்ம கொத்தனாருக்குத் தெரிஞ்ச பழைய வேலை. லாரி பேக்கர் கேரளாவில் பழைய ஓட்டைத் தளத்துக்குள்ளேயே புதைச்சுக் கட்டிக் காட்டினார். தளத்தோட அடிப்பக்கக் காங்கிரீட் பெருசாப் பாரம் தாங்குறதில்லை, அந்த இடத்தில் ஓட்டை வச்சா சிமென்ட்டும் மிச்சம், சூடும் குறையும். எதுவுமே முடியலைன்னா சுண்ணாம்பு வெள்ளையாவது அடிக்கலாம். வருஷா வருஷம் அடிக்கணும், அவ்வளவுதான். தெலங்கானா 2023-லேயே குளிர்கூரைக்குன்னு தனிக் கொள்கை போட்டாச்சு.

ஓட்டிலும் தொல்லை உண்டு, மறைக்கலை. ஆடிக் காத்துக்கு நழுவும், பூனை ஓடினா உடையும், சில வருஷத்துக்கு ஒருக்கா மாத்தி மேயணும், மேய ஆள் கிடைக்கிறது கஷ்டம். அதனாலதான் ஜனங்க கல்நார் தகட்டுக்குப் போறாங்க. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை பண்ணிடுச்சு, எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம ஹார்டுவேர் கடையில் அது தாராளமாக் கிடைக்குது. அனலும் தரும், வெட்டி ஓட்டை போடுறப்ப தூசியும் தரும்.

இப்ப நகரத்து நண்பர்களுக்கு வர்றேன். நாங்க இறக்கின ஓடும் தூணும் காரைக்குடி பழைய சாமான் கடை மாதிரி இடங்கள் வழியா உங்க பண்ணை வீட்டுக்கும் ரிசார்ட்டுக்கும் வந்து சேருது. 'பாரம்பரிய வீடு'ன்னு நாள் வாடகை வாங்குறாங்க. வாங்கிட்டுப் போங்க, பொறாமை இல்லை. ஆனா எங்க தெரு அழகைப் பத்திப் பேசுற வாயால, எங்க கூரை விதியைப் பத்தியும் ரெண்டு வார்த்தை பேசுங்க. உங்கள்ல இன்ஜினியர் இருக்கீங்க, அதிகாரி இருக்கீங்க, பத்திரிகைக்காரங்க இருக்கீங்க. கேக்க வேண்டியது மூணே மூணு. அரசு கட்டிக் கொடுக்கிற ஒவ்வொரு தளத்துக்கும் வெப்பத் தடுப்பு எஸ்டிமேட்டிலேயே வரணும். ஓடு போடுறேன்னு சொல்றவனுக்கும் அதே மானியம் வேணும். 12 சென்ட் பங்களாவுக்கு உள்ள வெப்ப வரம்பு 360 சதுர அடி வீட்டுக்கும் வேணும்.

8 லட்சம் வீட்டில் இன்னும் தளம் போடாதது எவ்வளவோ இருக்கு. காங்கிரீட்டை ஊத்தின பிறகு பேசிப் பிரயோஜனம் இல்லை.