முத்திரையிட்ட பத்திரமும் திறந்த பத்திரமும்

எருசலேம் பகைவரால் முற்றுகையிடப்பட்டிருந்த நாளில், காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியா தீர்க்கதரிசி, ஆனதோத்தூரிலிருந்த நிலமொன்றைத் தம் உறவினனிடமிருந்து 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார் என்பது திருமறை கூறும் செய்தி. சாட்சிகளை வைத்து எழுதி, முத்திரையிட்ட பத்திரமொன்றும் திறந்த பத்திரமொன்றுமாக இரண்டையும் மண்பாண்டத்தில் நெடுநாள் இருக்கும்படி வைக்கச் செய்தார். முத்திரையிட்டது இருக்கத் திறந்தது எதற்கு என்று யாம் பன்முறை ஐயுற்றதுண்டு. எம் பாட்டனார் சென்னையில் விட்டுச்சென்ற வீட்டை விற்க எம் குடும்பத்தார் பட்ட பாட்டைக் கண்ட பின்னரே அவ்வையம் நீங்கிற்று.

பாட்டனார் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். 1998 ஆம் ஆண்டு உயில் எழுதி, உறையிலிட்டு அரக்கு வைத்து, எம் தந்தையாரிடம் கொடுத்தார். வீட்டை விற்று, பாதியைக் கைம்பெண்ணாகிய அத்தையாருக்கும், எஞ்சியதை எம் தந்தையாருக்கும் சிற்றப்பாவுக்கும் சரிபாதியாகவும் கொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. 2013 இல் அவர் காலமானார். 2016 இல் வீட்டை வாங்க ஒருவர் முன்பணம் கொடுத்தார். அவருடைய வக்கீலோ புரோபேட் இன்றிக் கிரயம் முடிக்கலாகாது என்றார். உயில் உண்மையானதே என்று நீதிமன்றம் ஆராய்ந்து முத்திரையிட்டுத் தரும் சான்றே புரோபேட் ஆகும்.

ஈண்டு ஒன்று கூற வேண்டும். 1925 ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213 ஆம் பிரிவு, புரோபேட் பெறாமல் உயிலின்வழி வரும் உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட இயலாது என்று விதித்திருந்தது. இந்தியக் கிறிஸ்தவரை அவ்விதியினின்று 2002 ஆம் ஆண்டுத் திருத்தம் விடுவித்தது. சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களிலுள்ள சொத்துக்களைப் பொறுத்தமட்டில் இந்துக்களுக்கு அக்கட்டு நீடித்தது. 2025 டிசம்பரில் பாராளுமன்றம் அப்பிரிவையே நீக்கிற்று. இனித் தாமதம் ஒழிந்தது என்று பலர் மகிழ்கின்றனர். யாம் அவ்வாறு மகிழ இயலவில்லை. சட்டம் எம்மை விடுவித்துப் பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரும் எம் வீட்டை வாங்க வந்தவர் அச்சான்றைக் கேட்டாரே! அவர் கேட்டதும் தவறன்று. சட்டம் கட்டாயத்தை நீக்கலாம். தம் பொருளைக் கொடுத்து வாங்குபவர் நெஞ்சிலுள்ள அச்சத்தை நீக்க வல்லதன்று. நாளை ஒரு மகன் எழுந்து, இது என் தந்தையின் கையெழுத்தன்று என்பானாயின், அவர் எங்குச் செல்வார்?

எம் குடும்பத்தில் அம்மகன் எழுந்தான். 2017 இல் எம் தந்தையார் மனுச் செய்தார். நோட்டீசு சிற்றப்பாவிடம் சென்றது. உயிலின் வாசகத்தை அவர் கண்டது அதுவே முதன்முறை. மாடியைத் தம் சம்பாத்தியத்தில் கட்டியவர் அவர். அதைப்பற்றி உயிலில் ஒரு சொல்லும் இல்லை. அவர் கேவியட் தாக்கல் செய்தார். எதிர்ப்பு எழுந்தால் அம்மனு வழக்காக மாறி, மனுதாரர் வாதியாகவும் எதிர்ப்பவர் பிரதிவாதியாகவும் நின்று நடத்த வேண்டும் என்பது சட்டம். உடன்பிறந்தார் இருவரும் அவ்வாறே நின்றனர். சிற்றப்பாவைத் தீயவர் என்று யாம் கூறமாட்டோம். பாட்டனார் அடக்கமான மறுநாளே உறையைத் திறந்த எம் தந்தையார், சண்டை வரும் என்று அஞ்சி நான்கு ஆண்டுகள் தம்பியிடம் வாய் திறவாதிருந்தார். அந்த மௌனமே வழக்கின் முதற்பக்கம்.

அடுத்து, சாட்சிகள். உயிலுக்குச் சாட்சிகள் இருவர் வேண்டும். பின்னர் அவருள் ஒருவரேனும் நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். நம்மவரோ மரியாதை கருதி ஊரில் மிக மூத்த பெரியவரைச் சாட்சியாக அழைக்கின்றனர். அவர் உயில் எழுதியவருக்கு முன்னரே கர்த்தருக்குள் நித்திரையடைந்து விடுகின்றார்! எம் பாட்டனார் அழைத்த தலைமையாசிரியர் அவ்வாறே சென்றார். மற்றவர் அக்காலத்தில் இளைஞராயிருந்த ஒரு கம்பவுண்டர்; ஊர் மாறியிருந்த அவரைத் தேடிக் கோயம்புத்தூரில் காண்பதற்குப் பதினான்கு மாதங்களாயின. சாட்சிகள் ஒருவரும் கிடையாவிடின் கையெழுத்தைக் கொண்டு மெய்ப்பிக்கச் சட்டம் வழிவிடுகின்றது. பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையோர் சுந்தரரின் பாட்டனார் எழுதிய ஓலையை அவரது வேறோர் எழுத்தோடு ஒப்புநோக்கித் தீர்ப்புரைத்ததை நம் தமிழ் வகுப்பினர் அறிவர். ஆயின் அவ்வவை ஒரே வழக்கைக் கேட்டது. இன்றைய நீதிபதியின் மேசைமேல் எத்துணைக் கட்டுக்கள்!

நீதிமன்றத்தின் மேலும் குறையுண்டு என்பதை மறுக்கவில்லை. வாய்தாமேல் வாய்தா தந்ததையும், ஒரு பிரமாண வாக்குமூலத்தில் ஒரு தேதி பிழைபட்டதற்காக ஐந்து மாதங்கள் கழிந்ததையும் யாம் கண்டோம். ஆயினும் வழக்கு நடக்கும்போதே இடைக்கால நிர்வாகி ஒருவரை நியமிக்க 247 ஆம் பிரிவு இடந்தருகின்றது. பங்கிடுவது ஒன்றொழிய மற்ற அதிகாரங்கள் அவருக்குண்டு. அவ்வழியே நீதிமன்றத்தின் கட்டளை பெற்று வீட்டை விற்றுப் பணத்தைக் காப்பில் வைக்கும்படி எம்மவருள் எவரேனும் வேண்டியிருக்கலாம். எவரும் வேண்டவில்லை. இருதிறத்தாரும் வெல்லவே விரும்பினர், விற்க விரும்பினாரில்லை. இதற்கிடையில் முன்பணம் கொடுத்தவர் அதை மீட்டுக்கொண்டு சென்றார். மாடிச்சுவர் மழையில் ஊறி விரிந்தது. மனையின் விலை ஏறியதால் தாமதம் நட்டமன்று என்று ஓர் உறவினர் கணக்குக் காட்டினார். வாடகை வீட்டில் மூன்று மக்களை வைத்துத் தையல் வேலையால் பிழைத்த அத்தையாரிடம் அக்கணக்கைக் காட்ட அவருக்குத் துணிவில்லை.

ஆதலின், உயில் எழுதும் பெரியோர் அதன் திறந்த பிரதியையும் வைக்க வேண்டும் என்பது எமது துணிபு. முத்திரையிட்டதைக் காப்பதற்கு இடமுண்டு. 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி உயிலை மூடிய உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம்; அவர் அதைத் தீப்பற்றாப் பெட்டியில் வைத்துக் காப்பார். அது எரேமியாவின் மண்பாண்டத்தினும் உறுதியானது. ஆனால் பெட்டி பேசாது. பங்கைக் கூறினால் மக்கள் தம்மைப் புறக்கணிப்பர் என்று முதியோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பொய்யன்று, அவ்வாறு கைவிடப்பட்டாரை நம் சபைகளிலேயே கண்டுள்ளோம். எனினும் உயிரோடிருக்குமளவும் உயிலை மாற்றும் உரிமை எழுதியவருக்கே உண்டு. பங்கைச் சொல்ல மனமில்லையேல், உயில் உண்டென்பதையும், நிறைவேற்றுபவர் யார் என்பதையும், சாட்சிகளின் பெயரையும் விலாசத்தையுமாவது மக்கள் அனைவரையும் ஒருங்கிருத்திச் சொல்லலாம். சாட்சிகள் தம்மினும் இளையராயிருப்பாராக. இறந்தபின் உறையைத் திறப்பவரும் அனைவர் முன்னும் திறந்து, அவ்வாண்டிலேயே மனுச் செய்வாராக. இம்மனுவுக்கும் மூன்றாண்டுக் காலவரம்பு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2008 இல் கூறியுள்ளது. அக்காலம் எப்பொழுது தொடங்கிற்று என்பதே எம் வழக்கில் ஓராண்டு வாதமாயிற்று.

2023 இல் அத்தையார் இறந்தார். அடக்கத்தன்று சிற்றப்பா எம் தந்தையாரின் அருகே வந்து நின்றார். மறு வாய்தாவில் எதிர்ப்பை விலக்கிக்கொண்டார். 2024 இல் புரோபேட் கிடைத்தது; 2025 இல் வீடு விற்கப்பட்டது. சிற்றப்பாவின் மாடிச் செலவை எம் தந்தையார் தம் பங்கிலிருந்து கொடுத்தார். அத்தையாரின் பங்கு வங்கியில் இருக்கின்றது. அதைப் பெறுவதற்கு அவர் மக்கள் மூவரும் இப்பொழுது தாசில்தாரிடம் வாரிசுச் சான்றுக்கு மனுச் செய்திருக்கின்றனர்.