தோற்றவருக்கும் ஒரு நாற்காலி!

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் வழியில் திருமயம் இருக்கிறது. அங்குள்ள கோட்டையை எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரில் 1887-ம் ஆண்டு பிறந்த ஒருவரைத்தான் பலர் மறந்து விட்டார்கள். அவர்தான் தீரர் சத்தியமூர்த்தி.

சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர். சென்னையில் உள்ள காங்கிரஸ் மாளிகைக்கும் அவர் பெயர். ஆனால், அவர் ஒருநாள்கூட மந்திரியாக இருந்தது இல்லை!

1937-ல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் வெற்றி பெற்றது. ராஜாஜி ஆட்சி அமைத்தார். கட்சிக்காக ஊர் ஊராகப் பேசிய சத்தியமூர்த்திக்கு மந்திரிசபையில் இடம் இல்லை. அன்று முதல் காங்கிரசுக்குள் இரண்டு கோஷ்டி. 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தேர்தல் வந்தது. சத்தியமூர்த்தியின் சீடரான காமராஜருக்கு 103 ஓட்டு. ராஜாஜி பக்கத்து வேட்பாளர் சி.பி.சுப்பையாவுக்கு 100 ஓட்டு. மூன்றே ஓட்டு வித்தியாசம்! சீடர் தலைவர் ஆனார். அவருக்குக் கீழே செயலாளராக உட்கார்ந்தார், குரு.

இதை நினைவில் வைத்துக்கொண்டால் 1952-ல் நடந்தது நன்றாகப் புரியும்.

152 பேர் போதவில்லை

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் அது. சென்னை சட்டசபையில் 375 இடம். ஆட்சி அமைக்க 188 பேர் வேண்டும். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. எதிர்க்கட்சிகள் ஆந்திரத்தலைவர் பிரகாசம் தலைமையில் ஒன்று சேர்ந்து, "எங்களிடம் 166 பேர் இருக்கிறார்கள்" என்றன. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவர்களை அழைக்கவில்லை. ராஜாஜியை அழைத்தார். ராஜாஜி அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை! மேல்சபைக்கு நியமன உறுப்பினராக வந்து, ஏப்ரல் 10-ந் தேதி முதல் மந்திரி ஆனார்.

இதில் புதுக்கோட்டை மக்களுக்கும் பங்கு உண்டு. மன்னர் ஆட்சி போய், 1948 மார்ச் 3-ந் தேதிதான் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. நான்கு ஆண்டுக்குள் ஓட்டுச்சாவடிக்குப் போன அந்த மக்கள், காங்கிரசைக் கைவிட்டார்கள். பிரகாசத்தின் கட்சியான கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் வல்லத்தரசுவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அப்படி ஓட்டுப் போட்டவர் ஒருவர், சில மாதம் கழித்துப் பத்திரிகையைப் பிரித்தால் என்ன பார்த்திருப்பார்? அதே காங்கிரஸ்தான் சென்னையில் ஆட்சியில் இருந்தது.

ராஜாஜி கணக்கில் கெட்டிக்காரர். காமன்வீல் கட்சிக்கு 6 பேர். அதன் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரி ஆனார். ராமசாமி படையாச்சியின் உழைப்பாளர் கட்சிக்கு 19 பேர். அவர்கள் மந்திரி பதவி பெறாமல் ஆதரவு தந்தார்கள். சுயேச்சைகள் பலரும் வந்தார்கள். ஜூலை 3-ந் தேதி நம்பிக்கை ஓட்டெடுப்பு. ஆதரவு 200, எதிர்ப்பு 151! மந்திரிசபை பிழைத்தது.

சட்டப்படி அது சரி. நியாயப்படி? காங்கிரசை எதிர்த்து ஓட்டுக் கேட்டுவிட்டு, ஜெயித்ததும் காங்கிரசுக்குக் கை தூக்குகிறவர், முதலில் தன் தொகுதிக்குப் போய், "இன்ன காரணத்துக்காகச் சேர்ந்தேன்" என்று சொல்ல வேண்டாமா? பெண் பார்த்துவிட்டு வந்து, சொல்லாமல் வேறு இடத்தில் சம்பந்தம் பேசினால் ஊர் சும்மா இருக்குமா?

சீமையிலும் இதே கதை

பிரிட்டனிலும் 2010 மே மாதம் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை வரவில்லை. பழமைவாதக் கட்சியின் டேவிட் காமரூனும், லிபரல் ஜனநாயகக் கட்சியின் நிக் கிளெக்கும் கூட்டு மந்திரிசபை அமைத்தார்கள். கிளெக் கட்சிக்கு 57 பேர். கல்லூரிச் சம்பளத்தை உயர்த்த விடமாட்டோம் என்று தேர்தலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே சம்பளத்தின் உச்சவரம்பு 9 ஆயிரம் பவுன் என்று ஆனது. ஏறக்குறைய மூன்று மடங்கு! பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் மறப்பார்களா? 2015 தேர்தலில் அந்தக் கட்சிக்கு மிஞ்சியது 8 பேர்.

வீட்டுக்குள் வந்த சண்டை

ராஜாஜியை எதிர்க்கட்சி வீழ்த்தவில்லை. 1953-ல் அவர் கொண்டுவந்த புதிய கல்வித் திட்டம் வீழ்த்தியது. பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம். மீதி நேரம் தகப்பன் செய்யும் தொழில். "குலக்கல்வி" என்று மக்கள் கொதித்தார்கள். திராவிடர் கழகமும் தி.மு.க.வும் தெருவில் இறங்கின. காங்கிரஸ் உறுப்பினர்களே முணுமுணுத்தார்கள். வெளியே இருந்து 19 பேரையும் 6 பேரையும் சேர்க்கத் தெரிந்தவர், சொந்தக் கட்சிக்காரர்களைக் கூப்பிட்டுக் கலந்து பேசாமல் விட்டார். அதுதான் தவறு. திட்டம் நல்லதா கெட்டதா என்பது அப்புறம். யாருடைய பிள்ளையின் படிப்பில் கை வைக்கிறோமோ, அவர்களைக் கேட்காமல் கை வைக்கலாமா?

1954-ல் ராஜாஜி விலகினார். அடுத்த தலைவர் யார் என்று போட்டி. காமராஜருக்கு 93 ஓட்டு. ராஜாஜி ஆதரவு பெற்ற சி.சுப்பிரமணியத்துக்கு 41. அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம்.

காமராஜர் என்ன செய்தார்? மொத்தம் 8 பேர் கொண்ட சின்ன மந்திரிசபை. அதில் எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்துக்கு ஒரு நாற்காலி. முன்மொழிந்த பக்தவத்சலத்துக்கு ஒரு நாற்காலி. நிதியையும் கல்வியையும் சுப்பிரமணியத்திடமே கொடுத்தார். மாணிக்கவேலு நாயக்கருக்கும் ராமசாமி படையாச்சிக்கும் இடம் இருந்தது. குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது.

பிரிட்டனில் 2010-ல் தொழிற்கட்சித் தலைவர் பதவிக்கு அண்ணனும் தம்பியும் மோதினார்கள். தம்பி எட் மிலிபாண்ட் மயிரிழையில் ஜெயித்தார். அண்ணன் டேவிட், தம்பியின் குழுவில் சேரவில்லை. 2013-ல் பாராளுமன்றப் பதவியையும் விட்டுவிட்டு அமெரிக்கா போய்விட்டார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்!

சுப்பிரமணியமோ 1962 வரை சென்னையில் மந்திரியாக இருந்தார். பிறகுதான் டெல்லிக்குப் போனார். காமராஜர் ஆட்சியின் பட்ஜெட்டுகளை சட்டசபையில் எழுந்து நின்று படித்தவர், அவரிடம் 93-க்கு 41 என்று தோற்றவர்தான்.