பெயரளவில் தன்னாட்சி: உள்மங்கோலியா காட்டும் பாடம்

சீன நாட்டின் பணத்தாளைத் திருப்பிப் பார்ப்பவர், அதன் பின்புறத்தில் சீனத்தோடு வேறு நான்கு மொழிகளும் பொறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். திபேத்தியம், உய்குர், சுவாங்கு ஆகியவற்றோடு நான்காவதாக நிற்பது மங்கோலியம். மேலிருந்து கீழாக ஓடும் அதன் எழுத்து, செங்கிசுக்கான் காலத்தில் உய்குர் எழுத்திலிருந்து ஆக்கிக்கொள்ளப்பட்டது. எண்ணூறு ஆண்டுப் பழமையுடையது. பணத்தாளில் இடம்பெற்ற மொழி பள்ளியிலும் இடம்பெற்றிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை உள்மங்கோலியாவின் வரலாறு காட்டுகின்றது.

சீனத்தின் வடவெல்லையில், கிழக்கு மேற்காக ஏறத்தாழ 2,400 கி.மீ. நீண்டு கிடக்கும் நிலம் அது. பரப்பு 11,83,000 சதுரக் கி.மீ.; சீன நாட்டில் எட்டிலொரு பங்கு. வடக்கே மங்கோலிய நாடும் உருசியாவும். ஏனைத் திசைகளில் எட்டுச் சீன மாநிலங்கள். கிழக்கே கிங்கன் மலைக்காடும் உலுன்புயிர்ப் புல்வெளியும், நடுவே மஞ்சளாறு வளைந்தோடும் ஓர்தோசு மேட்டுநிலமும், மேற்கே அல்சாப் பாலையும் அமைந்துள்ளன. நிலக்கரியும் அருமண் கனிமங்களும் மிகுதி. எல்லை நிலம், கனிம நிலம் என்னும் இரண்டுமாக இருத்தலே அதன் செல்வமும் அதன் இடுக்கணும் ஆகும்.

2020ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 2 கோடியே 40 இலக்கம் பேர். அவருள் மங்கோலியர் ஏறத்தாழ 42 இலக்கம். நூற்றுக்குப் பதினெண்மர் எனலாம். ஆன் சீனரோ நூற்றுக்கு எழுபத்தொன்பதின்மர். தாவூர், எவெங்கி, ஒரோச்சென், மஞ்சூ, ஊய் முதலிய சிற்றினத்தாரும் உளர். விடுதலை பெற்ற மங்கோலிய நாட்டின் மொத்த மக்களே ஏறத்தாழ 35 இலக்கம்தான். எனவே மங்கோலியருட் பெரும்பகுதியினர் தம் பெயர் தாங்கிய தனிநாட்டில் இல்லை. சீன ஆட்சிக்குள்ளேயே வாழ்கின்றனர்.

சொந்த மண்ணில் அவர் சிறுபான்மையரானது ஒருநாளில் நேர்ந்ததன்று. பொதுவுடைமை ஆட்சியால் மட்டும் நேர்ந்ததுமன்று. 1902இல் மஞ்சூப் பேரரசு மங்கோலிய மேய்ச்சல் நிலங்களைச் சீன உழவர்க்குத் திறந்துவிட்டது. அதன் பின்னர் குடியேற்றம் அலையலையாய்த் தொடர்ந்தது. 1947 மே முதல் நாள், உலாங்கூ என்னும் மங்கோலியத் தலைவரின் முயற்சியால் உள்மங்கோலியத் தன்னாட்சிப் புலம் அமைந்தது. சீன மக்கட் குடியரசு தோன்றுவதற்கும் ஈராண்டு முற்பட்டது அது. ஆயினும் அது பிறந்தபோதே மங்கோலியர் அங்குப் பெரும்பான்மையர் அல்லர். 1954இல் சூய்யுவான் மாநிலம் அதனோடு இணைக்கப்பட்டபொழுது பரப்புப் பெருகியது. அதனினும் மிகுதியாக ஆன் மக்கள்தொகை பெருகியது. நிலத்தைப் பெருக்கி இனத்தைச் சிறுகச் செய்தலும் ஓர் ஆட்சிமுறையே.

நிலத்தைக் குறைத்தலும் நிகழ்ந்தது. 1966இல் உலாங்கூ பதவியினின்று வீழ்த்தப்பட்டார். 1969இல் உலுன்புயிர், சிரிம், சூ உதா, அல்சா ஆகிய பகுதிகள் அறுக்கப்பட்டு அண்டை மாநிலங்களுக்குப் பங்கிடப்பட்டன. 1979 வரை அவை திரும்பவில்லை. பண்பாட்டுப் புரட்சியின் அந்நாள்களில், மறைவான பிரிவினைக் கட்சியொன்றைச் சேர்ந்தவர் என்னும் பழிசுமத்தி மங்கோலியரை வேட்டையாடினர். 3,46,000 பேர் துன்புறுத்தப்பட்டனர், 16,222 பேர் மாண்டனர் என்று 1980ஆம் ஆண்டுக் குற்றச்சாட்டு ஆவணத்தில் சீன அரசே எழுதியது. ஓர் அரசு தானே ஒப்புக்கொண்ட எண் இத்துணையாயின், உண்மை இதனிற் குறைந்திருக்க வழியில்லை.

ஆட்சியமைப்பைக் காண்போம். பழைய மங்கோலிய முறைப்படி நிலம் 'கொடி' என்னும் பிரிவுகளாகவும், கொடிகள் பல சேர்ந்த 'கூட்டங்க'ளாகவும் பகுக்கப்பட்டிருந்தது. இன்று 49 கொடிகளும், தாவூர், எவெங்கி, ஒரோச்சென் மக்கட்குரிய 3 தன்னாட்சிக் கொடிகளும் உள்ளன. ஆனால் மேனிலைப் பிரிவு பன்னிரண்டனுள் மூன்று மட்டுமே இன்னும் கூட்டங்கள், ஒன்பது 'நகர்'களாகிவிட்டன. 1983இல் சூ உதா, சிபெங்கு நகராயிற்று. 1999இல் சிரிம், துங்கிலியாவோ நகராயிற்று. நகரென்னும் பட்டம் வந்தபோது, மங்கோலியப் பெயர் நீங்கிச் சீனப்பெயர் ஏறியது. பெயர் மாற்றத்தைச் சிறிதென்று கருதுவோர், ஊர்ப்பெயரே ஓரினத்தின் முதல் நிலப்பட்டா என்பதை மறந்தவராவர்.

தன்னாட்சிப் புலத்தின் அரசுத் தலைவர் அந்நாட்டினத்தவராய் இருத்தல் வேண்டும் என்கின்றது 1982ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 114ஆம் பிரிவு. நன்று! ஆனால் மெய்யான ஆட்சிவலி கட்சிச் செயலரிடம் உள்ளது. அவர் எவ்வினத்தவர் ஆதல் வேண்டும் என்று எப்பிரிவும் கூறவில்லை. இருக்கை ஒருவர்க்கும் ஆணை மற்றொருவர்க்குமாயின், அதனைத் தன்னாட்சி என்பது எங்ஙனம்?

இவ்வமைப்பின் விளைவு 2020இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் தொடங்கி, மங்கோலிய வழிப் பள்ளிகளில் மொழி, ஒழுக்கமும் சட்டமும், வரலாறு ஆகிய மூன்று பாடங்களும் 2022க்குள் படிப்படியாகச் சீனப் பொதுமொழிக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுக்க மறுத்தனர். பள்ளி வாயில்களில் திரண்டனர். காவல்துறை, தேடப்படுவோர் என்று படங்களை வெளியிட்டது. அரசுப் பணியாளர்க்குப் பதவி பறிபோம் என்னும் அச்சுறுத்தல் வந்தது.

பொதுமொழி கற்றால் பிழைப்பு உண்டாம் என்பது அரசின் வாதம். பலமொழி நாட்டிற்கு ஒரு தொடர்புமொழி வேண்டும் என்பதை எவரும் மறுத்திலர். மங்கோலியப் பிள்ளைகள் முன்னரே சீனத்தை ஒரு பாடமாகக் கற்றுவந்தனர். அதனை எதிர்த்துத் தெருவுக்கு வந்தாரல்லர். பிழைப்பே நோக்கமாயின், முதற்கண் மாற வேண்டியவை கணக்கும் அறிவியலும் அன்றோ? எடுத்த எடுப்பில் மாற்றப்பட்டவையோ மொழியும் ஒழுக்கமும் வரலாறும். 'நான் யார்?' என்னும் வினாவிற்குப் பிள்ளை விடை காணும் பாடங்கள் இவையே. கை தொட்ட இடத்தைக் கொண்டு கருத்தை அறியலாம்.

எல்லா நாட்டினத்தார்க்கும் தம் மொழியைப் பயன்படுத்தி வளர்க்கும் உரிமையுண்டு என்று அதே அரசியலமைப்பின் 4ஆம் பிரிவு உறுதி கூறுகின்றது. பொதுமொழியை அரசு பரப்பும் என்று 19ஆம் பிரிவு கூறுகின்றது. 2021 சனவரியில், சிறுபான்மையினப் பள்ளிகள் தத்தம் மொழியிற் கற்பிக்க வேண்டும் என்னும் வட்டாரச் சட்டங்கள் 19ஆம் பிரிவுக்குப் பொருந்தாவென்று நடுவண் சட்டக்குழு அறிவித்தது. ஒரே நூலின் இருபிரிவுகள் மோதியபோது, வலியோன் விரும்பிய பிரிவே வென்றது. உரிமையை எழுதிவைத்தல் எளிது. அதனைப் பொருளுரைக்கும் உரிமை எவர் கையில் என்பதே வினா.

மற்றொன்றும் எண்ணத் தக்கது. வடக்கே விடுதலை மங்கோலியா, சோவியத்துச் சார்பால் 1940களில் தன் எழுத்தை விட்டு உருசிய எழுத்தை ஏற்றது. பழைய எழுத்தைக் கல்வியிலும் அச்சிலும் விடாது காத்தவர் உள்மங்கோலியரே. 2025 முதல் அரசு ஆவணங்களில் அப்பழைய எழுத்தையும் ஒருங்கே வழங்க மங்கோலிய நாடு சட்டம் செய்துள்ளது. ஆட்சி தன் கையில் இருந்தமையால், இழந்த எழுத்தையும் எண்பது ஆண்டிற்குப் பின் மீட்க அந்நாட்டிற்கு இயன்றது. ஆட்சி பிறர் கையில் இருந்தமையால், எழுத்தைக் காத்தவர்க்கோ தம் பிள்ளைகளின் பாடநூலைக் காக்க இயலவில்லை.

மொழியுணர்வுடையார் இதனை நெஞ்சிற் பதித்தல் வேண்டும். பணத்தாளில் எழுத்தும், பெயர்ப்பலகையில் இரண்டாம் வரியும், விழாவிற் குதிரைப் பந்தயமும் ஒரு மொழியின் உயிராகா. அவை காட்சிக்கு வைத்த அணிகலன்கள். மொழியின் உயிர் வகுப்பறையில் உள்ளது; வகுப்பறையின் திறவுகோல் ஆட்சியில் உள்ளது. திறவுகோலைப் பிறர் கையில் விட்டுத் தாழ்ப்பாளுக்கு மட்டும் பொன்பூசிக் கொடுப்பதை எந்த இனமும் தன்னாட்சி என்று நம்பிவிடலாகாது.